பெயர் வெட்டிய தூக்கு

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு எவர்சில்வர் தூக்கு இருக்கிறது. மூடியிலும் வயிற்றிலும் புள்ளி புள்ளியாக ஆயாவின் பெயர். கடலூர்ப் பக்கத்தில் பாட்டியை நாங்கள் ஆயா என்றுதான் கூப்பிடுவோம். பாத்திரக்கடை வாசலில் ஒருவர் உட்கார்ந்து, சின்ன உளியும் சுத்தியலுமாகத் தட்டித் தட்டி வெட்டிக் கொடுத்த எழுத்து அது. ஐம்பது வருடம் தேய்த்தும் அழியவில்லை. விரலை வைத்துத் தடவினால் கண்ணை மூடிக்கொண்டே படிக்கலாம்.

அந்தத் தூக்கு எத்தனை இடங்களுக்குப் போய் வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறேன். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குப் பெண்ணையாற்று மணலுக்குப் போயிருக்கிறது. தைப்பூசத்துக்கு வடலூர் போய், சத்திய ஞான சபைக்கு எதிரே திடலில் ராத்தங்கியிருக்கிறது. மாசி மகத்துக்குக் கிள்ளை முழுக்குத்துறைக்குப் போய்க் கடற்கரை மணலில் பாதி புதைந்து நின்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் வீடு திரும்பிவிட்டது. நான் சொல்ல வந்ததே அந்தத் திரும்பி வந்த கதையைத்தான்.

இப்போது 'கேம்பிங்' என்கிறார்கள். அன்று அதற்குத் தனியாகப் பெயர் கிடையாது. 'கட்டுச்சோறு கட்டிக்கிட்டுப் போறோம்' என்பார்கள், அவ்வளவுதான். எழுபதுகளின் நடுவில் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். மாசி மகத்துக்கு முந்தின நாளே வீடு அல்லோலகல்லோலப்படும். ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் ஊர் ஊராக மண்டகப்படி ஏற்றுக்கொண்டு கிள்ளைக்கு வருவார். அங்கே தர்காவின் சார்பில் பெருமாளுக்கு மாலை மரியாதை நடக்கும். கடலில் தீர்த்தவாரியைப் பார்க்க வேண்டுமென்றால் முதல் நாள் சாயங்காலமே போய் இடம் பிடித்துத் தங்கிவிட வேண்டும். கூடாரம், படுக்கைப் பை என்று கடையில் வாங்க எதுவும் இல்லை. வீட்டிலிருந்து கிளம்பியவை எல்லாம் வீட்டில் தினமும் புழங்கியவைதான்.

ஆயா எடுத்து வைக்கும் ஒழுங்கு இன்னும் மனப்பாடம். கோரைப்பாய் இரண்டு, அதற்குள் சுருட்டிய ஜமுக்காளம். பெரிய தூக்கில் புளியோதரை, சின்னத் தூக்கில் தயிர்சாதம். தயிர்சாதம் என்றால் தயிர் விட்டுப் பிசைந்தது இல்லை. சாதத்தைக் குழைய மசித்து, ஆறவைத்த பாலை விட்டு, ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்து மூடிவிடுவார். வழியில் அது தானாகத் தோய்ந்து, சாப்பிடும் நேரத்தில் பதமாக இருக்கும். தண்ணீருக்கு மரையுள்ள கூஜா. ஊறுகாய்க்கு ஹார்லிக்ஸ் பாட்டில். உப்பு, தீப்பெட்டி, காப்பித்தூள் எல்லாம் குழந்தைகளுக்கு வாங்கிய பால்பவுடர் டின்களில். சாப்பிடத் தையல் இலைக் கட்டு ஒன்று. அப்புறம் நாலைந்து பழைய நூல் புடவைகள்.

அந்தப் புடவைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஒன்று கைக்குழந்தைக்குத் தூளி. ஒன்று, கடலில் முழுக்குப் போட்ட பெண்கள் துணி மாற்ற, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நிற்கும் மறைப்பு. ஒன்றை நாலு மூங்கில் கழியில் கட்டினால் மறுநாள் வெயிலுக்கு நிழல். ராத்திரி அதுவே போர்வை. ஊருணித் தண்ணீரோ கைபம்புத் தண்ணீரோ, கூஜாவில் ஊற்றும் முன் புடவையை நாலாய் மடித்து வாயில் கட்டி வடிகட்டுவார். 'புதுசுல கட்டாதடி, பழசுலதான் தண்ணி நல்லா வடியும்' என்று பெரியம்மாவிடம் சொன்னது காதில் இருக்கிறது.

ஆயா சொன்னது வெறும் நம்பிக்கை இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவரோடு சேர்ந்தவர்களும் வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் 65 கிராமங்களில் மூன்று வருடம் ஆராய்ந்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். பழைய நூல் புடவையை நாலு மடிப்புக்குக் குறையாமல் மடித்துக் குளத்துத் தண்ணீரை வடிகட்டிய வீடுகளில் காலரா 48 சதவீதம் குறைந்திருந்தது. காலராக் கிருமி தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வருகிறது. துவைத்துத் துவைத்து நூல் நெகிழ்ந்து இழை நெருங்கிய பழைய துணி அந்த உயிர்களை நிறுத்திவிடுகிறது, புதுத் துணியின் கண்ணிகள் அவ்வளவு நெருக்கம் இல்லை. வடிகட்டினால் மட்டும் போதும் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது, கொதிக்க வைத்துக் குடிப்பதுதான் பாதுகாப்பு. ஆனாலும் கிழிந்த புடவையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். மணலில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுவார்கள். காப்பிக்குப் பாத்திரம் ஏற்றும் முன், ஆயா ஈர மண்ணோடு கொஞ்சம் சாம்பலைக் குழைத்து அதன் அடியிலும் பக்கத்திலும் மெழுகிவிடுவார். கரி எல்லாம் அந்த மண்ணின் மேல்தான் பிடிக்கும். கழுவும்போது தேங்காய் நாரால் ஒரு இழுப்பு, மண்ணோடு கரி உதிர்ந்துவிடும். சோப்பு வேண்டாம், தண்ணீரும் அரைச் செம்பு போதும்.

கிளம்பும்போது எண்ணுவார். 'தூக்கு ரெண்டு, மூடி ரெண்டு, கூஜா ஒண்ணு, கரண்டி மூணு, டம்ளர் ஒன்பது.' ஒரு டம்ளர் குறைந்தாலும் வண்டி நகராது. பக்கத்துக் குடும்பத்தின் பாத்திரத்தோடு கலந்துவிட்டால் பெயரைப் பார்த்துப் பிரித்துக்கொள்வார்கள். பெயர் வெட்டும் பழக்கம் வந்ததே அதற்குத்தானே. கல்யாணத்துக்கு இரவல் போன அண்டா திரும்பி வர வேண்டும், திருவிழாவுக்குப் போன தூக்கு திரும்பி வர வேண்டும். பாத்திரத்தில் பெயர் இருந்தால் அது எந்த மணலில் கிடந்தாலும் அதற்கு ஒரு வீடு உண்டு. அன்றைய கடற்கரை அந்த அளவுக்காவது சுத்தமாக இருந்ததற்குக் காரணம் எங்களிடம் பெரிய சுற்றுச்சூழல் அறிவு இருந்தது என்று நான் நினைக்கவில்லை. நாங்கள் கொண்டுபோன பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார், அதனால் மணலில் விட்டுவர எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. மீந்தது இலைதான். அதை ஆடு தின்னும்.

பழசை ரொம்பவும் புகழவும் கூடாது. ஆற்று மணலையும் சவுக்குத் தோப்பையும்தான் ஆயிரக்கணக்கான பேர் கழிப்பிடமாகப் பயன்படுத்தினோம். அடுப்புக்குக் கையில் அகப்பட்டதை ஒடித்தோம். இவற்றையெல்லாம்விட எனக்கு உறுத்துவது வேறு. திரும்பி வந்த பாத்திரங்களைத் தேய்த்தது யார்? ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தால் ஆண்கள் திண்ணையில் சாய்வார்கள். குழந்தைகள் தூங்கிவிடுவோம். கிணற்றடியில் சிம்னி வெளிச்சத்தில் ஆயாவும் பெரியம்மாவும் அம்மாவும் அத்தனையையும் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்ப்பார்கள். மறுநாள் காலையில் பாய் உதறுவது, புடவைகளை உப்புப் போக அலசுவது, ஜமுக்காளத்திலிருந்து மணலைத் தட்டுவது. திருவிழாவின் சந்தோஷத்தில் அவர்கள் பங்கு பாதிதான்.

அதனால்தான் தொண்ணூறுகளில் பிளாஸ்டிக் தட்டும் தண்ணீர்ப் பாக்கெட்டும் வந்தபோது வீட்டில் முதலில் மூச்சு விட்டவர்கள் பெண்கள். அம்மா சொன்னதை மறக்க முடியாது: 'அப்பாடா, இந்த வருஷம் கழுவுற வேலை இல்லடி.' அந்த வார்த்தையைக் குற்றமாக யாரும் சொல்லிவிட முடியாது. பல தலைமுறை முதுகு வலித்ததில் வந்த வார்த்தை அது. மாசி மகத்துக்கு நாங்கள் தூக்கைப் பரணில் ஏற்றிவிட்டுக் கையை வீசிக்கொண்டு போனோம். வழியில் ஓட்டலில் பொட்டலம் வாங்கினோம். சாப்பிட்டோம், எழுந்தோம், நடந்தோம். எண்ணுவதற்கு எதுவும் இல்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

நாங்கள் விட்டு வந்தது எங்கே போனது என்பதைப் பிச்சாவரத்தில் பார்த்தேன். கிள்ளைக்குப் பக்கத்திலேயே இருக்கும் காடு. சின்ன வயதில் 'இதயக்கனி' பார்த்துவிட்டு, எம்.ஜி.ஆர். வந்த இடம் என்று ஊரே திரண்டு பார்த்த காடு. துடுப்புப் படகில் கால்வாய்க்குள் போய்க்கொண்டிருந்தோம். வற்று நேரம். வெண்கண்டல் மரங்களைச் சுற்றிச் சேற்றில் பென்சில் நட்டதுபோல நூற்றுக்கணக்கில் மூச்சு வேர்கள் மேல்நோக்கி நின்றன. சேற்றுக்குள் காற்று கிடையாது, அந்த வேர் நுனிகள் வழியாகத்தான் மரம் மூச்சு விடுகிறது. ஒரு கொத்து வேரின் மேல் கேரிபேக் ஒன்று தொப்பி மாட்டியதுபோலக் கவிழ்ந்திருந்தது. அதன் மேல் வண்டல் படிந்து கனத்து, அலை வந்தாலும் நகராது. படகுக்காரர் துடுப்பால் நெம்பி எடுத்தார். அடியில் வேர் நுனிகள் கறுத்து வழவழத்துக் கிடந்தன.

அந்தக் காட்டை மீட்க எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த ஒரு பை இன்னும் கனக்கும். ஒரு காலத்தில் மரங்களை மொத்தம் மொத்தமாக வெட்டியதில் நிலம் குழிந்து, அலைத் தண்ணீர் தேங்கி, வெயிலில் உப்பேறி, செடி முளைக்காத திட்டுகள் ஏற்பட்டன. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, அலை வந்து போக வழி செய்து மரங்களை வளர்த்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளைக் காடு காத்தது. 2022இல் இதன் 1,478 ஹெக்டேர் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததும் இந்தக் காட்டின் தில்லை மரத்தால்தான். அதை விறகுக்கு ஒடிக்க யாரும் துணிவதில்லை, பால் தெறித்தால் கண்ணைப் பாதிக்கும். காப்புக்காடு என்பதால் உள்ளே கூடாரம் போடும் பேச்சுக்கே இடமில்லை. பார்த்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

தமிழ்நாடு அரசு ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை போட்டது. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. நல்ல காரியங்கள். 'மீண்டும்' என்ற அந்தச் சொல்லில் எனக்கு ஒரு வாஞ்சை உண்டு. ஆனால் சட்டம் பையைத் தடுக்கலாம், பரணில் இருக்கும் தூக்கை அதனால் கீழே இறக்க முடியாது.

எங்கள் வீட்டில் தூக்கை ஒரு தடவை இறக்கியது தானே புயல். 2011 டிசம்பர் 30 விடியற்காலை. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து, மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. சொந்த வீட்டிலேயே கூடாரம் போட்டவர்கள் போல வாழ்ந்தோம். அரிக்கேன் விளக்கு, பித்தளைக் குடம், தூக்கு, கோரைப்பாய் எல்லாம் வரிசையாகக் கீழே இறங்கின. ஓடு பறந்த இடத்தில் யாரோ ஒரு தலைவரின் பிறந்தநாள் ஃபிளெக்ஸைப் போர்த்தினோம். தெருவில் பாதிக் கூரைகள் அப்படித்தான் இருந்தன. மின்சாரம் வந்ததும் எல்லாம் பரணுக்கே திரும்பிவிட்டன.

இந்த வருடம் மாசியில் அக்கா மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். அவளும் கூட வேலை பார்க்கும் ஏழு பேரும் சாமியார்பேட்டைப் பக்கம் ஒரு தெரிந்தவரின் சவுக்குத் தோப்பில் இரண்டு ராத்திரி தங்கப் போகிறார்களாம். கூடாரம் வாடகைக்குப் பிடித்தாயிற்று. மற்றச் சாமான்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தாள்: மடக்கும் தட்டு, தரைவிரிப்பு, காற்று மறைப்பு, தொங்குபடுக்கை. விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தி, ஆயாவோட சாமான்லாம் மேல இருக்குல்ல?"

"இருக்கு. ஏணியைப் பிடி."

ஒரு மத்தியானம் முழுக்க அதிலேயே போயிற்று. பட்டியலில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். தொங்குபடுக்கைக்கு இரட்டையாக மடித்த புடவை. பெரியவர்களுக்கு அது தாங்காது என்று நான் தடுத்தேன். தூளி குழந்தைக்குத்தான், ஆள் படுத்தால் கிழிந்து இடுப்பு போகும். சரி, நிழலுக்கு என்றாள். காற்று மறைப்புக்குப் பால்பவுடர் டின்னைப் பக்கவாட்டில் ஆணியால் துளைத்து உள்ளே அகல் வைத்தாள். குளிர்ச்சிக்கு ஈரத்துணி சுற்றிய மண்பானை. கிழிந்த வேட்டி துண்டு துண்டாகக் கைதுடைக்க. அப்பாவின் பழைய கைலி, குறிஞ்சிப்பாடி நெசவு, ராத்திரிப் போர்வைக்கு.

எதை எடுக்கக் கூடாது என்பதிலும் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. யூரியா சாக்கைப் பிரித்துத் தைத்த படுதா ஒன்று கிடந்தது. எடுத்து உதறினாள். வெயிலில் நைந்து, வெள்ளை நார் பொடியாக உதிர்ந்தது. அந்தப் பொடி மணலில் கலந்தால் யாரால் பொறுக்க முடியும்? உள்ளேயே வைத்துவிட்டோம். ஐஸ்கிரீம் டப்பாக்கள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. சுடச்சுடச் சோறு வைக்க அவை ஆகாது. உப்பு, சீரகத்துக்கு இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். வீட்டுப் பொருளை மறுபடி பயன்படுத்துகிறோம் என்பதற்காகக் கண்டதையும் காட்டுக்குக் கொண்டுபோவது புண்ணியம் ஆகிவிடாது.

டார்ச் விஷயத்தில் அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். மாசி என்பது பங்குனி ஆமைகள் நம் கரைக்கு வந்து முட்டையிடும் பருவம். வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. வெள்ளை வெளிச்சம் கண்டால் தாய் ஆமை கரையேறாமல் திரும்பிவிடும், குஞ்சுகள் திசை தப்பும். சிவப்பு வெளிச்சம் அவ்வளவு தொந்தரவு தராதாம். என் பீரோவில் தாம்பூலத்தில் வந்த ரவிக்கைத் துணிகள் தைக்காமல் அடுக்கடுக்காக இருந்தன. எந்த வீட்டில்தான் இல்லை? ஒரு சிவப்புத் துணியை இரண்டாக மடித்து டார்ச் முகத்தில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினாள். அறையை இருட்டாக்கிப் பார்த்தோம். சுவரில் குங்குமம் கரைத்ததுபோல வெளிச்சம். இது ஆயாவுக்குத் தெரியாத விஷயம். தெரிந்திருந்தால் அரிக்கேனுக்கும் கட்டியிருப்பார்.

நான் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன். "இத்தனையும் யாருடி கழுவுறது?"

"அவங்கவங்க தட்டு அவங்கவங்க கழுவணும் சித்தி. சமைச்ச பாத்திரம் முறை வெச்சிருக்கோம். மொத நாள் பசங்க."

அந்த ஒரு வரிதான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் என்று எனக்குப் பட்டது. அந்த முறை எங்கள் வீட்டில் இருந்திருந்தால் அம்மா பிளாஸ்டிக் தட்டைப் பார்த்து 'அப்பாடா' என்றிருக்க மாட்டார். வேலை பங்கிடப்படாத வீட்டில் தூக்கு திரும்பவும் பரணுக்குத்தான் போகும். மண் மெழுகும் வித்தையையும் அவள் என்னிடம் கேட்டுக்கொண்டாள்.

தட்டுதான் குறைந்தது. எங்கள் வீட்டில் இருந்தவை கனமான கிண்ணித் தட்டுகள், எட்டுப் பேருக்குப் போதாது. திருப்பாதிரிப்புலியூரில் பழைய பாத்திரம் எடைக்கு வாங்கி விற்கும் கடைக்குக் கூட்டிப்போனேன். மூலையில் எவர்சில்வர் தட்டுகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாவற்றிலும் பெயர். ஒன்றில் கல்யாணத் தேதியோடு மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும். ஒன்றில் 'அன்பளிப்பு' மட்டும் தெரிகிறது, கொடுத்தவர் பெயர் தேய்ந்துவிட்டது. ஒன்றில் காதணி விழா. ஒன்றில் ஒரே ஒரு எழுத்து, அதுவும் தலைகீழாக. எட்டுத் தட்டு பொறுக்கினாள். கடைக்காரர் எடை போட்டார்.

"பேரை வேணா தேய்ச்சுக் குடுக்கறேம்மா, மெஷின் இருக்கு" என்றார்.

"வேணாங்க, இருக்கட்டும்" என்றாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வந்து இறங்கினார்கள். கூடத்தில் எல்லாவற்றையும் பரப்பி எண்ணினோம். தூக்கு இரண்டு, மூடி இரண்டு. கரண்டி மூன்று. தட்டு ஏழு. ஒன்று குறைகிறது. எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒல்லியாக இருந்த பையன் ஒருவன் சட்டென்று, "காதணி விழா காணோம்" என்றான். அது அவன் தட்டாம். இரண்டு நாளும் அதிலேயே சாப்பிட்டிருக்கிறான். யாரோ ஒரு குழந்தைக்கு எப்போதோ காது குத்திய தேதி அவனுக்கு மனப்பாடமாகியிருக்கிறது. வண்டியின் பின்சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, மணல் ஒட்டிய தட்டை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் வைத்தான்.